வரலாறு படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகள் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். பிறகு சட்டக் கல்லூரிக்குப் போய் வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கு வரலாற்றை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கப் போகிறேன் என்கிறாள். உறவினர்கள் பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், சிலர் பொருளாதாரம் என்கிறார்கள். வரலாறு எடுத்தால் நான்கு வருடமும் பணமும் வீணாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள்.

வீணாகாது. நானும் வரலாறு படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவன்தான். ஆனால் "வரலாறு நல்லது, எடுக்கட்டும்" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. வரலாற்றை ஒரு விதமாகப் படித்தால் அது சட்டத்துக்கு மிகச் சிறந்த பயிற்சி. இன்னொரு விதமாகப் படித்தால் நல்ல கதைகள் தெரிந்த பட்டதாரி ஆகலாம், அவ்வளவுதான்.

முதலில் விதிமுறையைச் சொல்லிவிடுகிறேன், பயத்தில் பாதி அதிலேயே போய்விடும். மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர் உயிரியல், வேதியியல் பாடங்களைப் படித்தே ஆக வேண்டும். சட்டத்துக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் எந்த மேஜரையும் பரிந்துரைப்பதில்லை என்றே சொல்லி வைத்திருக்கிறது. இசை படித்தவரும் வருகிறார், இயற்பியல் படித்தவரும் வருகிறார். 'ப்ரீ-லா' என்ற பெயரில் சில பல்கலைக்கழகங்கள் நடத்தும் மேஜருக்கும் தனிச் சலுகை கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. காப்புரிமை அலுவலகத்தின் முன் விண்ணப்பதாரர்களுக்காக ஆஜராகும் வேலைக்குத் தனித் தேர்வு இருக்கிறது. அதை எழுத அறிவியலிலோ பொறியியலிலோ படிப்புத் தகுதி வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தத் துறையில் ஆசை இருந்தால் வரலாறு மட்டும் போதாது. அந்த ஆசை இல்லையென்றால் கவலை வேண்டாம்.

சேர்க்கையில் பெரிதும் எடை போடுவது இரண்டு எண்கள்: கல்லூரி மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ., சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட். ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தன்னிடம் சேர்ந்தவர்களின் இடைநிலை மதிப்பெண்களை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். அதைப் பார்த்தாலே எந்த வாசல் எந்த எண்ணுக்குத் திறக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆகவே எந்தப் பாடத்தில் அவளுக்கு உண்மையான பசி இருக்கிறதோ அந்தப் பாடத்தில்தான் மதிப்பெண் வரும் என்ற பழைய பேச்சு இங்கே முழுக்கப் பொருந்தும். பிடிக்காத பொருளாதாரத்தில் வாங்கும் பி-யைவிடப் பிடித்த வரலாற்றில் வாங்கும் ஏ அவளை வெகுதூரம் கொண்டுபோகும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடமும் ஜி.பி.ஏ. கணக்கில் சேரும். "அது வேறு காலேஜ்தானே" என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

எல்சாட் 120-இலிருந்து 180 வரை மதிப்பெண் தரும் தேர்வு. 2024 ஆகஸ்ட் முதல் அதன் அமைப்பு மாறிவிட்டது. 'லாஜிக் கேம்ஸ்' என்று பலரையும் திணறடித்த புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்கு வருவது தருக்கப் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். வாசிப்புப் பகுதியில் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதிய இரண்டு பத்திகளை அருகருகே வைத்து, இவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்று கேட்கும் ஒரு கேள்வித் தொகுதி வரும். சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் வரலாற்று செமினாரில் வாரந்தோறும் செய்கிற வேலை அதுதான். இருந்தாலும் தேர்வுக்கெனத் தனியாக மாதக்கணக்கில் பழகியே ஆக வேண்டும். எந்த மேஜரும் அதைத் தன்னால் கொடுத்துவிடாது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வரலாறு என்றால் ராஜாக்களின் பெயரும் போர்களின் ஆண்டும் மனப்பாடம் செய்வது என்ற எண்ணம் நம் தலைமுறையில் பலருக்கு உண்டு. பள்ளியில் நாம் படித்தது அப்படி. பல்கலைக்கழகத்தில் அது வேறு படிப்பு. ஒரு கடிதத்தையோ கணக்குப் புத்தகத்தையோ அரசாணையையோ மாணவர் கையில் கொடுத்து, இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் படிக்க வேண்டும் என்று எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை ஒருவர் நான்கு வருடம் கேட்டுப் பழகினால் எந்தக் காகிதத்தையும் அப்படியே நம்பும் பழக்கம் அவரை விட்டுப் போய்விடும். வக்கீலுக்கு வேண்டிய முதல் குணம் அது.

1440-இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் ஒரு புகழ்பெற்ற பத்திரத்தைப் போலி என்று நிறுவினார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியின் அதிகாரத்தைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம் அது. வல்லா சாட்சிகளைத் தேடிப் போகவில்லை, பத்திரத்தின் சொற்களைப் பார்த்தார். அதில் ரோம அதிகாரிகளோடு சேர்த்து 'சத்ரப்' என்ற சொல் வருகிறது. அது பாரசீக ஆளுநர்களின் பட்டம். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் யாரும் தங்கள் அதிகாரிகளை அப்படி அழைத்ததில்லை. எழுதியவன் வேறு காலத்தவன் என்பதை அந்த ஒற்றைச் சொல்லே காட்டிக்கொடுத்தது.

இதை நான் கல்லூரியில் படித்தபோது அழகான பழங்கதை என்றுதான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒப்பந்தத் தகராறு ஒன்றில் எதிர்த்தரப்பு கொடுத்த ஆவணங்களைப் படித்து நாள்வாரியாக வரிசைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள். அவற்றில் ஒரு கூட்டக் குறிப்பு எங்கள் கட்சிக்காரருக்கு முழுக்கப் பாதகமாக இருந்தது. அதை நான்கைந்து முறை படித்திருப்பேன். பிறகுதான் அதில் வரும் ஒரு நிறுவனப் பிரிவின் பெயர் உறுத்தியது. அந்தப் பெயரே அந்தக் கூட்டம் நடந்து ஐந்து மாதம் கழித்து வைத்த பெயர். அப்படியென்றால் அந்தக் குறிப்பு கூட்டத்தன்று எழுதியதல்ல, தகராறு தொடங்கிய பிறகு எழுதி முன்தேதி போட்டது. எனக்கு வல்லாவின் நினைவு வந்தது. சட்டக் கல்லூரி மூன்று வருடத்தில் எனக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்தது. அந்தப் பார்வையை மட்டும் வரலாற்றுத் துறைதான் கொடுத்தது.

இதே வேலை பெரிய அளவில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. யூத இனப்படுகொலையை மறுத்து எழுதிவந்த டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக டெபோரா லிப்ஸ்டாட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் மீதும் அவருடைய பதிப்பகத்தின் மீதும் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். இங்கிலாந்துச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை பிரதிவாதியின் தலையில்தான். ரிச்சர்ட் எவன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் பிரதிவாதி தரப்பு நிபுணராக வந்தார். இர்விங்கின் புத்தகங்களில் உள்ள அடிக்குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் சுட்டும் மூல ஆவணத்தைத் தேடிப் பிடித்து, புத்தகத்தில் இருப்பதும் ஆவணத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று அவரும் அவருடைய உதவியாளர்களும் ஒத்துப் பார்த்தார்கள். தவறுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தெரியாமல் செய்த பிழை இரண்டு பக்கமும் சிதறும், ஹிட்லருக்குச் சாதகமாக மட்டும் விழாது. 2000 ஏப்ரலில் நீதிபதி சார்லஸ் கிரே தீர்ப்பளித்தார், இர்விங் தோற்றார். அடிக்குறிப்பு என்பது பேராசிரியரைத் திருப்திப்படுத்தச் செய்யும் சடங்கு என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

சட்டக் கல்லூரியின் முதல் வருடத்துக்கு வரலாறு எப்படி உதவும் என்பது அடுத்தது. 1870-இல் ஹார்வர்டில் லாங்டெல் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிவைத்த முறைதான் இன்றும் சட்டக் கல்லூரிகளில் நடக்கிறது. பாடநூலில் விதிகளை வரிசையாக எழுதித் தரமாட்டார்கள். பழைய தீர்ப்புகளைக் கொடுத்து, விதியை நீயே கண்டுபிடி என்பார்கள். சொத்துச் சட்ட வகுப்பில் பல இடங்களில் முதல் வாரமே 1805-ஆம் ஆண்டின் நியூயார்க் நரி வழக்கு வரும். போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருக்கிறார், பியர்சன் இடையில் புகுந்து அதைக் கொன்று எடுத்துப் போய்விடுகிறார். நரி யாருக்கு? துரத்தினால் மட்டும் உரிமை வராது, வசப்படுத்தினால்தான் வரும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு பியர்சன் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பில் ரோமச் சட்டத்தைத் தொகுத்த பேரரசர் ஜஸ்டினியன் வருகிறார், 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சட்ட அறிஞர் பூஃபென்டார்ஃப் வருகிறார். நிலம் தொடர்பான சொற்களோ, 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்து, நிலமெல்லாம் அரசனுடையது, மற்றவர்கள் அவனிடமிருந்து பெற்று வைத்திருப்பவர்கள் என்று ஆக்கிய ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவை. கணிதமோ வணிகமோ படித்துவிட்டு வந்த தோழர்கள் பலர் இந்த மொழியைக் கண்டு மிரண்டதைப் பார்த்திருக்கிறேன். வரலாற்று மாணவருக்கு அந்நியமான காலத்தின் மொழி பழகிய விஷயம். இது ஏன் இப்படி இருக்கிறது என்று எரிச்சல்படாமல், யாருக்கு இது தேவைப்பட்டது என்று கேட்பார்.

சட்டத்தின் வாசகத்துக்குப் பொருள் சொல்லும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். 1885-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டவரை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து "எவ்வகை உழைப்புக்கோ சேவைக்கோ" அழைத்து வரக்கூடாது. நியூயார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரை ஒப்பந்தம் செய்து அழைத்து வந்தது. வாசகப்படி பார்த்தால் குற்றம். 1892-இல் உச்ச நீதிமன்றம், மலிவான கூலிக்கு ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவருவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் பிறந்தது, பாதிரியாரைத் தடுக்க அல்ல என்று சொல்லி தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அது சரியா, எழுதியதை எழுதியபடி படிக்க வேண்டாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் 1885-இல் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியாமல் வாதாட முடியாது.

இப்போது இது இன்னும் கூர்மையாகிவிட்டது. 2022-இல் ப்ரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் அந்த நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று விதித்தது. அந்த வழக்கில் 1328-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேயச் சட்டத்தின் பொருள் என்ன என்று நீதிபதிகள் விவாதித்திருக்கிறார்கள். 2024-இல் ரஹிமி வழக்கில், அச்சு அசலாக ஒத்த பழைய சட்டம் இருக்க வேண்டியதில்லை, கொள்கை ஒத்திருந்தால் போதும் என்று விளக்கினார்கள். இதனால் கீழ் நீதிமன்றங்களில் வக்கீல்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அணுகுமுறை சரியா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் உண்டு, ஆனால் அது நடைமுறையில் இருக்கும்வரை ஆவணக் காப்பகத்தில் தேடத் தெரிந்த வக்கீலுக்கு வேலை இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியரும் வக்கீலும் ஒரே காகிதத்தைப் படித்தாலும் தேடுவது ஒன்றல்ல. வரலாற்றாசிரியர் "இதற்கு மூன்று காரணங்கள், சான்று போதவில்லை" என்று நிறுத்திக்கொள்ளலாம். வக்கீலுக்கு அந்த உரிமை இல்லை. கட்சிக்காரருக்காக ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். நீதிபதிக்கோ மாலைக்குள் இல்லாவிட்டாலும் என்றாவது ஒருநாள் ஆம் அல்லது இல்லை என்று எழுதியே ஆக வேண்டும்.

இந்த உரசல் வெளிப்படையாகத் தெரிந்தது பிரவுன் வழக்கில். பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரிப்பது செல்லுமா என்ற அந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1953-இல் மறுவாதம் கேட்டது. 1868-இல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிகளை மனதில் வைத்திருந்தார்களா என்பது கேள்வி. கறுப்பர் தரப்புக்காக வழக்கை நடத்திய தர்குட் மார்ஷல், ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், வான் வுட்வர்ட், ஆல்ஃபிரட் கெல்லி முதலான வரலாற்றாசிரியர்களை உதவிக்கு அழைத்தார். சிக்கல் என்னவென்றால், அந்தத் திருத்தத்தை முன்மொழிந்த அதே காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) கண்ணெதிரே வாஷிங்டன் நகரில் பள்ளிகள் பிரிந்தே நடந்தன. நேர்மையான வரலாற்று விடை கட்சிக்காரருக்கு முழுச் சாதகமாக இல்லை. 1954 மே 17 அன்று வந்த தீர்ப்பு, வரலாற்றுச் சான்று எந்தப் பக்கமும் முடிவாகச் சொல்லவில்லை என்று குறிப்பிட்டுவிட்டு, வேறு அடிப்படையில் பிரிவினையைச் செல்லாததாக்கியது. நியாயம் வென்றது. ஆனால் வழக்குக்குத் தோதாகச் சான்றைப் பொறுக்கும் வேலை கெல்லியை உறுத்தியது. 1965-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, நீதிமன்றங்களில் நடக்கும் இத்தகைய 'வக்கீல் அலுவலக வரலாற்றை'க் கடுமையாக விமர்சித்தது.

உங்கள் மகள் இந்த உரசலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சட்டக் கல்லூரியின் முதல் பருவத் தேர்வில், கற்பனைச் சம்பவம் ஒன்றைக் கொடுத்து இதில் என்னென்ன சட்டப் பிரச்சினைகள் என்று கேட்டபோது, வரலாற்றுக் கட்டுரை எழுதுவது போலப் பின்னணியில் தொடங்கி மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தேன். மதிப்பெண் போனது. சட்ட எழுத்தில் முடிவு முதல் வரியில் வர வேண்டும். பிறகு விதி, பிறகு இந்தச் சம்பவத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்துகிறது என்பது. நடையழகு யாருக்கும் தேவையில்லை. இதைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆகவே வரலாற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். முந்நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் விரிவுரைகளை மட்டும் அடுக்கிப் பட்டம் வாங்கினால் நான் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் செமினார்களை இரண்டாம் வருடத்திலேயே தேட வேண்டும். மூல ஆவணங்களை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரை, முடிந்தால் கடைசி வருட ஆய்வேடு, இவை இரண்டையும் விட்டுவிடக் கூடாது. உச்ச நீதிமன்ற நீதிபதி எலினா கேகன் பிரின்ஸ்டனில் நியூயார்க் நகரின் சோஷலிச இயக்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினார். சோனியா சொட்டோமயோர் அதே பல்கலைக்கழகத்தில் புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநராக இருந்த முனோஸ் மாரினைப் பற்றி எழுதினார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸும் ஹார்வர்டில் வரலாறு படித்தவர்தான். வரலாறு படித்ததால் அவர்கள் அங்கே போனார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப்பட்டவர்கள் எதைப் படித்திருந்தாலும் மேலே வந்திருப்பார்கள். உறவினர்கள் "வரலாறா?" என்று முகம் சுளித்தால் சொல்வதற்கு இது உதவும்.

செமினாரில் இன்னொரு லாபமும் உண்டு. சட்டக் கல்லூரிக்குப் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். உங்கள் மகளின் கட்டுரையை இரண்டு முறை திருத்திக் கொடுத்த ஒருவர் எழுதும் கடிதமும், பெயரைப் பட்டியலில் பார்த்து எழுதும் கடிதமும் படிப்பவருக்கு உடனே வேறுபட்டுத் தெரியும்.

பாடங்களில், சட்ட வரலாறோ அரசியலமைப்பு வரலாறோ இருந்தால் ஒன்று எடுக்கட்டும். ஆனால் எல்லாமே சட்டம் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. சட்டம் பிறகு மூன்று வருடம் முழுக்க இருக்கத்தான் போகிறது. அவளுக்கு முற்றிலும் பழக்கமில்லாத ஒரு காலம் அல்லது நாட்டைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் வேண்டும் என்பேன். நமக்குத் தெரிந்த உலகத்தைப் படிக்கும்போது பாதியை ஊகித்துவிடுகிறோம். தெரியாத உலகத்தில்தான் சொல் சொல்லாகப் படிக்கும் பழக்கம் வரும். வரலாற்றுக்கு வெளியே அடிப்படைப் பொருளாதாரம், புள்ளியியல், கணக்கியல் மூன்றையும் தொட்டுவிடச் சொல்லுங்கள். எனக்குக் கணக்கியல் தெரியாமல் போனது இன்றுவரை ஒரு குறை. நிறுவனங்களின் வழக்கில் வரவுசெலவு அறிக்கையைப் படிக்க வேறொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. தத்துவத் துறையில் தருக்கம் ஒரு பாடம் எடுத்தால் எல்சாட்டுக்கும் உதவும்.

பொலிட்டிகல் சயின்ஸா வரலாறா என்று கேட்டீர்கள். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சேர்க்கைக் குழுவில் யாரும் பார்ப்பதில்லை. அரசு நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதில் அவளுக்கு ஆர்வம் இருந்தால் அது. பழைய காகிதம் ஒன்றைக் கையில் எடுத்தால் நேரம் போவது தெரியவில்லை என்றால் இது.

சட்டம் வேண்டாம் என்று அவள் நடுவில் மனம் மாறினால்? அது நடக்கக்கூடியதுதான், நடந்தால் தவறுமில்லை. சட்டக் கல்லூரிக் கடன் சிறிய சுமை அல்ல, ஆசை குறைந்த பிறகும் "இதற்குத்தானே வந்தோம்" என்று போகிறவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பட்டம் வாங்கியதும் நேரே சேராமல், ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராக ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். அந்த அனுபவத்தைக் கல்லூரிகள் மதிக்கின்றன, அவளுக்கும் அது தன் வழிதானா என்று தெரிந்துவிடும்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யச் சொல்லுங்கள். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைப் பக்கத்தைத் திறந்து, மூல ஆவணங்களை வைத்து எழுத வைக்கும் செமினார்களை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்கட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். முதல் பருவத்தில் அவர்களில் ஒருவரை அலுவல் நேரத்தில் நேரில் போய்ப் பார்த்து, உங்கள் செமினாரில் சேர நான் அதற்குள் என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்கட்டும்.